‘வண்டி வரும்’ என்றது துணை

ஜன்னலை இறக்கி விட்டுக்கிடுங்கம்மா, சாரல் உள்ள அடிக்கு. கொஞ்சம் சிக்கும், அழுத்தி இறக்கணும். ஆங், அவ்வளவுதான். பாவூர்சத்திரம் தாண்டுற வரைக்கும் மழை இப்படித்தான் இருக்கும். நீங்களும் திருநெல்வேலிதானா? நல்லதாப் போச்சு.

நான் ஒட்டுக்கேக்கல. பக்கத்துல இருந்தா காதுல விழத்தான செய்யும். ஏறினதுல இருந்து ஃபோன்ல யார்கிட்டயோ பேசிக்கிட்டு வந்தீங்கள்ல, ஏஜென்ட் டூலைக் கூப்பிடுது, எரர் வருதுன்னு. அந்த வார்த்தையைக் கேட்டதும் இந்தப் பக்கம் திரும்பிட்டேன். உங்களுக்குத் தெரிஞ்ச விஷயம், அதான் கேக்குதேன். வெளி ஆள் ஒருத்தர் நடுநிலையாச் சொல்லணும். எங்க சென்டர்ல ஒருத்தர்கிட்டயும் கேக்க முடியல. எல்லாரும் என்னை ஒரு மாதிரி பாக்காங்க.

தென்காசியில ஒரு டயாலிசிஸ் சென்டர்ல இருக்கேன். எம்பேரு சங்கரவடிவு. அங்க எல்லாருக்கும் வடிவு மேடம். எந்த நோயாளிக்கு எந்த நாளு, எந்தக் கட்டிலு, யாருக்கு வண்டி அனுப்பணும், எல்லாம் நான்தான் பாக்கணும். கிட்னி வேலை செய்யாதவங்களுக்கு வாரத்துல மூணு நாள் ரத்தத்தைச் சுத்தம் பண்ணணும். ஒரு நாள் தப்பினா உடம்புல தண்ணி தேங்கும், மூச்சு முட்டும். அந்தப் பொறுப்பு எவ்வளவுன்னு நீங்களே யோசிச்சுக்கிடுங்க.

முன்ன எல்லாம் ஃபோன்லதான். காதுல வச்ச ஃபோனை எடுக்க முடியாது. அப்பதான் டாக்டர் ஞானதுரை சார், எங்க ஓனரு, ஒரு பொண்ணை வேலைக்கு வச்சாங்க. நிலோஃபர்னு பேரு, கடையநல்லூர்க்காரி. அவ ஒண்ணு செஞ்சு குடுத்தா, வாட்ஸப்ல பேசுற ஏஜென்ட். ஆளு இல்ல, கம்ப்யூட்டரே பேசும். அதுக்குத் ‘துணை’ன்னு பேரு வச்சது நான்தான். நோயாளி வாயால பேசி அனுப்பினாப் போதும், தமிழ்ல பதில் சொல்லும். நாளு மாத்தும், வண்டி சொல்லும். முதல் வாரம் நான் என்ன நிம்மதியா இருந்தேன் தெரியுமா? வேலைக்குச் சேந்த இத்தனை வருசத்துல சூடா ஒரு காப்பி குடிச்சது அப்பதான்.

ஆனா அதுலயும் ஒரு தொந்தரவு வந்துச்சு. வண்டி எங்களோடது இல்ல, ஒரு டிராவல்ஸ்காரங்களோடது. அவங்க கம்ப்யூட்டர் அப்பப்பப் படுத்துக்கிடும். அந்த நேரத்துல நோயாளி வண்டி கேட்டா, துணை என்ன சொல்லும் தெரியுமா? “வண்டி நிறுவனத்தைத் தொடர்புகொள்ள முடியவில்லை. பலமுறை முயன்றேன். உங்களுக்கு இன்னும் வண்டி பதிவாகவில்லை. தயவுசெய்து வடிவு மேடத்தை அழையுங்கள்.” கீழ என் நம்பரு!

எப்படி இருக்கும்? எல்லாரும் என்னைக் கூப்பிடுவாங்க. குளிச்சுக்கிட்டு இருப்பேன், ஃபோனு. சாப்பிட உக்காருவேன், ஃபோனு. அதுலயும் ஒருத்தர் இருந்தாரு, ஆறுமுகநயினார்னு பேரு. மலையடிவாரத்துல ஒரு ஊரு, பஸ்ஸு எப்பவாவதுதான் போகும். அந்தக் காலத்துல கோயில் கொடைக்கெல்லாம் மைக் செட் போட்டவரு. அதனால பேச்சே சத்தந்தான். “தாயீ! வண்டி இல்லைங்கே உங்க துணை! நான் என்ன செய்யட்டும்?”னு கத்துவாரு பாருங்க, ஃபோனைக் காதுல இருந்து ஒரு முழம் தள்ளிப் பிடிக்கணும். நல்ல மனுசன்தான். ஆனா எதுக்கெடுத்தாலும் என்னைக் கூப்பிடுவாரு.

ஒரு நாள் நான் சோத்துல கை வைக்கேன், அவரு ஃபோனு. எனக்கும் சலிப்பு வரும்லா? “அண்ணாச்சி, இதுக்குத்தான லட்சக்கணக்குல செலவு பண்ணி ஒண்ணைச் செஞ்சு வச்சிருக்கோம். சும்மாச் சும்மா என்னைக் கூப்பிட்டா நான் எப்பச் சாப்பிடுதது? துணைகிட்டக் கேளுங்க, அது சொல்றதைக் கேட்டு நடங்க”ன்னேன். கோவமா ஒண்ணும் சொல்லல. கொஞ்சம் அழுத்திச் சொன்னேன், அவ்வளவுதான். அவரு, “சரி தாயி, தப்பா நினைச்சுக்கிடாத”ன்னு வச்சுட்டாரு.

இன்னொண்ணும் சொல்லுதேன். எனக்காக மட்டும் இல்ல. கிட்னி நோயாளிக்கு ‘முடியவில்லை’, ‘தோல்வி’ன்னெல்லாம் செய்தி வந்தா என்ன ஆகும்? பதறிருவாங்க. பிரஷர் ஏறும். அதைத்தான் டாக்டர் சார்கிட்டச் சொன்னேன். “நல்ல வார்த்தை சொல்லட்டும் சார். எதுக்கு பயமுறுத்தணும்?” அவங்களும், “வடிவு சொல்ற மாதிரி மாத்திரும்மா”ன்னு நிலோஃபர்கிட்டச் சொல்லிட்டாங்க.

அவ லேசுல ஒத்துக்கிடல. என் மேசைக்கு வந்து நின்னா. சின்னப் பொண்ணு, ஆனா பேசும்போது கண்ணை எடுக்க மாட்டா. “மேடம், துணைக்குத் தானாப் பாக்கக் கண்ணு கிடையாது. வண்டி சொல்லணும்னா வண்டிக்கான கருவியை, அதான் டூலை, கூப்பிடும். நாளு மாத்தணும்னா அதுக்கு ஒரு கருவி. கருவி திரும்பி வந்து என்ன சொல்லுதோ, அதுதான் துணைக்குத் தெரிஞ்ச ஒலகம். ‘முடியல, இன்ன காரணம்’னு சொன்னா, இன்னொரு தடவை முயற்சி பண்ணும், வேற வழி பாக்கும், இல்லைன்னா மனுசங்ககிட்ட ஒப்படைக்கும். ஆகாததை ஆச்சுன்னு சொல்லிட்டா, அதுவும் ஆச்சுன்னுதான் நம்பும். அது பொய் சொல்லாது மேடம். நாமதான் அதைப் பொய் சொல்ல வைப்போம்”னா.

“யாரும் பொய் சொல்லச் சொல்லல. மரியாதையாச் சொல்லச் சொல்லுதேன்”னேன்.

“சரி. நோயாளிகிட்டச் சொல்ல வேண்டாம். உங்க ஃபோனுக்காவது தகவல் வரட்டும். தப்பு நடந்தா யாராவது ஒருத்தருக்குத் தெரியணும்ல?”

“எனக்கு வந்துக்கிட்டிருந்த தொந்தரவை நிறுத்தத்தான் இவ்வளவும் பேசுதேன். திரும்ப எனக்கே அனுப்புதேன்னா எப்படி? அந்தப் பிழையெல்லாம் அது பாட்டுக்குக் கம்ப்யூட்டர்ல பதிவாகிக் கிடக்கட்டும். காலையில வந்ததும் நான் பாத்துக்கிடுதேன்.”

பாத்தேன்மா. பாக்காம இல்ல. ரொம்ப நாள் பாத்தேன். டிராவல்ஸ்காரங்க கம்ப்யூட்டரும் அப்பப் பாத்துப் படுக்காம ஓடிச்சு, ஒண்ணுமே இருக்காது. ஒண்ணும் இல்லாததைத் தினமும் யாரு திறந்து பாப்பா?

அவ மாத்திக் குடுத்தா. கருவி வேலை செஞ்சாலும் செய்யாட்டாலும், ‘பதிவு ஏற்கப்பட்டது’ன்னு ஒரே பதில்தான் திரும்ப வரும். துணையும் அழகாச் சொல்லும்: “உங்கள் பயணம் பதிவாகிவிட்டது. வண்டி வரும். தயாராக இருங்கள்.” கேக்கவே இதமா இருந்துச்சு. ஃபோன் நின்னுபோச்சு. டாக்டர் சாரே, “என்ன வடிவு, சென்டரே அமைதியா இருக்கு”ன்னு பாராட்டினாங்க. நல்லா இருக்கும்போது பாராட்டு எனக்கு மட்டுமா வந்துச்சு? அந்தப் பொண்ணுக்குந்தான் வந்துச்சு. அதை யாரும் இப்ப நினைக்கல.

ஐப்பசி மழையிலதான் வினை வந்துச்சு. டிராவல்ஸ்காரங்க அவங்க கம்ப்யூட்டரை மாத்தியிருக்காங்க. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல. துணையோட கருவி பழைய கதவையே தட்டியிருக்கு. ஒவ்வொரு தடவையும் ‘அனுமதி இல்லை’ன்னு விரட்டியிருக்காங்க. அதுவும் ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து ‘ஏற்கப்பட்டது’ன்னு சொல்லியிருக்கு.

அன்னைக்குச் சனிக்கிழமை. கொட்டித் தீக்குது மழை. டவுன்ல இருக்கிற நோயாளிங்க வண்டி வரலைன்னதும் ஆட்டோ பிடிச்சு வந்துட்டாங்க. வந்தவங்க ஒருத்தராவது என்கிட்ட வந்து சொன்னாங்களா? இல்ல. நர்சுங்ககிட்ட முனங்கிட்டுப் படுத்துட்டாங்க. பத்து மணிக்கு மேல டெக்னீசியன் பையன் வந்து எட்டிப் பாத்தான். “மேடம், நயினார் அண்ணாச்சி கட்டில் காலியாக் கிடக்கு.” நான் உடனே துணைகிட்டக் கேட்டேன், கேட்டேன்மா. “ஆறுமுகநயினாருக்கு வண்டி அனுப்பப்பட்டுவிட்டது”ன்னு பதில் வந்துச்சு. வண்டி போயிருக்கு, அவருதான் வரல. இதுதான யாருக்கும் தோணும்? கல்யாணம், காதுகுத்துன்னு நாளைத் தப்ப விடுற ஆளுங்க நிறைய உண்டு. காத்துக்கிட்டிருந்த வேற ஒருத்தருக்குக் கட்டிலைக் குடுத்துட்டேன்.

அவரு வீட்டுக்கு ஒரு ஃபோன் போட்டுருக்கலாம்னு இப்பச் சொல்லுதாங்க. இப்பச் சொல்லுவாங்க. வண்டி அனுப்பியாச்சுன்னு திரையில எழுதியிருக்கும்போது, எதுக்கும்மா ஃபோன் போடணும்? நீங்களா இருந்தாப் போடுவீங்களா?

அங்க நடந்ததை அவரு பொண்டாட்டி வேலம்மாதான் பின்னால சொன்னா. காலையிலயே புறப்பட்டு, ஊர் முக்குல இருக்கிற ரேஷன் கடை இறவாணத்துல, கூரை ஓரத்துக்கு அடியில, ரெண்டு பேரும் ஒதுங்கி நின்னுருக்காங்க. மழைத் தண்ணி காலைத் தொட்டு ஓடுது. இவரு துணைகிட்டக் கேக்காரு, “வண்டி வருமா?” அது சொல்லுது, “வண்டி வரும். தயாராக இருங்கள்.” கொஞ்ச நேரம் கழிச்சுக் கேக்காரு. அதே பதில். ஊருக்குள்ள ஒருத்தன் டெம்போ எடுத்துக்கிட்டு டவுனுக்குக் கிளம்பியிருக்கான், “ஏறுங்க சித்தப்பா, விட்டுடுதேன்”னு சொல்லியிருக்கான். இவரு, “வேண்டாம்டே, வண்டி வந்துக்கிட்டிருக்கு. நான் இல்லைன்னா அவங்க வந்து தேடுவாங்க”ன்னு அவனை அனுப்பிட்டாரு. உச்சி சாயுற வரைக்கும் நின்னுருக்காங்க.

வேலம்மா, “அந்த மேடத்துக்கு ஒரு ஃபோனைப் போடுங்களேன்”னு சொல்லியிருக்கா. அவரு ஃபோனை எடுத்து என் பேரைத் தேடியிருக்காரு. திரும்ப உள்ள வச்சுட்டாரு. “வேண்டாம்ட்டீ. அது சாப்பிடுற நேரம்.”

மறுநாள் ஞாயிறு, எங்களுக்கு லீவு. துணைகிட்டக் கேட்டிருக்காரு, உங்க அடுத்த முறை செவ்வாய்னு சொல்லியிருக்கு. அது கணக்குக்குச் சரிதான? சனிக்கிழமை அவரு வரலைங்கிறது அதுக்கு எப்படித் தெரியும்? தாகமா இருக்குன்னு தண்ணியும் குடிச்சிருக்காரு. திங்கக்கிழமை விடியுறதுக்குள்ள உக்கார முடியல, படுக்க முடியல. ஆம்புலன்சுல கொண்டுவந்தாங்க. நான் அப்பதான் ஸ்கூட்டியை நிறுத்துதேன். ஸ்ட்ரெச்சர்ல உக்கார வச்சு உருட்டிக்கிட்டு வாராங்க. முகம் வீங்கி, ஒதடு நீலம் பாரிச்சு, வாயைத் திறந்து திறந்து மூடுதாரு. அந்தத் தொண்டையில இருந்து ஒரு சத்தம் வரல.

பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் தீவிர சிகிச்சையில போட்டாங்க. குழாய் மாட்டினாங்க. உயிரு தங்கிட்டு. ஆனா இருதயத்துல பாதிப்பு வந்துட்டு, இனி நாலு எட்டு நடந்தா மூச்சு வாங்கும்னு சொல்லிட்டாங்க.

கண்ணு முழிச்சதும் நான் போய்ப் பாத்தேன். வாழைப்பழம், இளநியெல்லாம் கிட்னிக்காரங்களுக்கு வாங்கக் கூடாது, அவங்களுக்கு எதை வாங்குததுன்னு யோசிக்கணும், அதனால வெறுங்கையாத்தான் போனேன். “என்ன அண்ணாச்சி இப்படிப் பண்ணிட்டீங்க? எனக்கு ஒரு ஃபோன் போட்டிருக்கக் கூடாதா?”ன்னு கேட்டேன். உரிமையோடதான் கேட்டேன். அவரு சிரிச்சாரு. குழாய் எடுத்த தொண்டை, காத்து மாதிரிதான் வந்துச்சு. “உனக்கு எதுக்குத் தாயி வீண் சிரமம்”னாரு. வேலம்மா என் முகத்தைப் பாக்காம ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. அவளுக்கு என்ன கோவமோ எனக்குத் தெரியல.

டாக்டர் சார் எல்லாரையும் கூப்பிட்டு வச்சு விசாரிச்சாங்க.  எப்படி எல்லாத்தையும் என் பக்கம் திருப்பி விடப்போறான்னு நிலோஃபரையே பாத்துக்கிட்டிருக்கேன். நானும் பதில் சொல்லத் தயாராத்தான் போயிருந்தேன். அவ எந்திரிச்சா. “நான் எழுதினது சார். ஆகாததை ஆச்சுன்னு சொல்லுற கருவியைச் செய்யக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் எழுதினேன். யாரு சொல்லியிருந்தாலும் நான் எழுதியிருக்கக் கூடாது.” அவ்வளவுதான். உக்காந்துட்டா. அழக்கூட இல்ல.

பாருங்க, தெரிஞ்சும் எழுதினேன்னு அவளே சொல்லிட்டா. அதுக்கு மேல என்ன வேணும்? ஆனா ஒண்ணுதான்மா எனக்கு உறுத்துது. என் பேரை அவ ஏன் சொல்லல? சொல்லியிருந்தா நானும் என் பக்கத்தை எடுத்து வச்சிருப்பேன். நோயாளி பதறக் கூடாதுன்னுதான் சொன்னேன்னு சொல்லியிருப்பேன். சொல்ல விடாமப் பண்ணிட்டா. அந்த மாசத்தோட வேலையையும் விட்டுட்டுப் போயிட்டா. போகும்போது எல்லார்கிட்டயும் சொல்லிட்டுப் போனா, என்கிட்டயுந்தான். “உடம்பைப் பாத்துக்கிடுங்க மேடம்”னா. டாக்டர் சார் ஒரு தடவை என் மேசைப் பக்கம் வந்து, “அந்தப் பொண்ணு உங்க பேரைச் சொல்லல, கவனிச்சீங்களா வடிவு?”ன்னாங்க. “கவனிச்சேன் சார்”னேன். 

புதுசா ஒருத்தர் வந்து எல்லாத்தையும் சரி பண்ணியிருக்காரு. இப்பக் கருவிக்கு ஒண்ணு முடியலைன்னா முடியலைன்னே சொல்லுது. என்ன காரணம், திரும்ப முயற்சி பண்ணலாமா கூடாதான்னும் சேத்துச் சொல்லுது. துணை ரெண்டு மூணு தடவை பாக்கும், ஆகலைன்னா நோயாளிக்கும் சொல்லும், எனக்கும் சொல்லும். நான் பதில் போடுற வரைக்கும் என் ஃபோனு ஓயாது. எடுக்கேன். எந்த நேரமா இருந்தாலும் எடுக்கேன். நோயாளிங்க எல்லார்கிட்டயும் நானே போய், “என்ன ஒண்ணுன்னாலும் என்னைக் கூப்பிடுங்க”ன்னு சொல்லிட்டேன். நயினார் அண்ணாச்சிகிட்டத் தனியா உக்காந்து சொன்னேன். “சரி தாயி, கூப்பிடுதேன்”னாரு.

கூப்பிடல. ஒரு தடவைகூடக் கூப்பிடல. சரி, நாமளே கூப்பிடுவோம்னு, அவரு டயாலிசிஸுக்கு வார நாள்ல எல்லாம் காலையில நானே ஃபோன் போடுவேன். “வண்டி வந்துட்டா அண்ணாச்சி?” “வந்துட்டு தாயி. ஏறியாச்சு.” தவறாம இதே பதில்தான். எனக்கும் மனசு ஆறிப்போச்சு.

போன வியாழக்கிழமை ஸ்கூட்டியில வேலைக்குப் போறேன். நல்ல தூத்தல். பழைய பஸ் ஸ்டாண்டு எதிர்ல நின்னு அவருக்கு ஃபோன் போடுதேன். ரிங் போகுது. போகும்போதே பாக்கேன், எதிர்ல ஒரு டவுன் பஸ்ஸு வந்து நிக்கு. அதுல இருந்து வேலம்மா இறங்குதா. இறங்கி ஒரு கையை மேல நீட்டுதா. அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு படியா நயினார் அண்ணாச்சி இறங்குதாரு. வேட்டி முழங்கால் வரைக்கும் நனைஞ்சு ஒட்டிக்கிடக்கு. அந்த ஊர்ல இருந்து பஸ்ஸுக்கு எவ்வளவு தூரம் நடந்திருக்கணும், இந்த உடம்போட! கீழ இறங்கினதும் சட்டைப் பையில இருந்து ஃபோனை எடுத்தாரு.

“எங்க இருக்கீங்க அண்ணாச்சி?”

“வண்டியிலதான் தாயி. சொகமா வாரேன்.”

மூச்சு வாங்குது அவருக்கு. அதை மறைக்க ஃபோனை வாயை விட்டுத் தள்ளிப் பிடிச்சுக்கிடுதாரு. நான் ரோட்டுக்கு இந்தப் பக்கம் நிக்கேன். அவருக்குத் தெரியாது.

பிறகு போய் கம்ப்யூட்டர்ல பாத்தேன்மா. ஒரு பிழையும் இல்ல. ஆஸ்பத்திரியில இருந்து வந்த பிறகு அவரு எங்ககிட்ட வண்டியே கேக்கல. கேக்காத வண்டி வரலைன்னு எந்தக் கருவி வந்து சொல்லும்? நீங்களே சொல்லுங்க. எதுக்கு என்கிட்டப் போய் அந்த மனுசன் பொய் சொல்லணும்? நான் என்ன அவரைக் கடிச்சா தின்னுடப் போறேன்?

கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்தான். ரோட்டைத் தாண்டினா ஆளு நிக்காரு. ஆனா வாய்ல வந்தது என்னவோ, “சரி அண்ணாச்சி, பத்திரமா வாங்க”ங்கிறதுதான். அவரு ஃபோனைப் பையில போட்டுட்டு, வேலம்மா தோளைப் பிடிச்சுக்கிட்டு நடக்க ஆரம்பிச்சாரு. நாலு எட்டு வைப்பாரு, நிப்பாரு. மறுபடி நாலு எட்டு. நான் ஸ்கூட்டியை ஆஃப் பண்ணிட்டு, அவங்க திருப்பத்துல மறையுற வரைக்கும் மழையிலயே நின்னுக்கிட்டிருந்தேன்.